உஷார்! 'சி' முடிந்தது, அடுத்து 'ஜி'யா?

அமெரிக்காவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பத்தாரே, ஒரு நிமிடம் நில்லுங்கள். உங்கள் மகனோ மகளோ எஸ்டிஸ் கம்பெனியின் அட்டை ராக்கெட்டை ஒட்டி, பெயிண்ட் அடித்து, பூங்காவில் சில தடவை பறக்கவிட்டிருப்பார்கள். பாராசூட் விரிந்து அது புல்தரையில் இறங்கியதும் அடுத்த கேள்வி வந்திருக்கும்: "அப்பா, இதைவிடப் பெரிசு வாங்கலாமா?" அந்த ஆவல் நல்லது. அதை அணைக்கச் சொல்லவில்லை. ஆனால் அன்று இரவே போனை எடுத்து 'ஜி' மோட்டாருக்கு ஆர்டர் போட்டுவிடுகிறீர்களே, ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

"ஒரே ஒரு ஜி மோட்டார்தான் அண்ணா. ஞாயிற்றுக்கிழமை ஸ்கூல் கிரவுண்டில் ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. விட்டுடலாமா?" குளிர்காலம் முடிந்து வெயில் எட்டிப் பார்த்ததும் இப்படிச் செய்திகள் வருகின்றன. கேட்பவர்கள் படித்தவர்கள், பொறுப்பானவர்கள். அதனால்தான் எனக்குப் பதற்றம் கூடுகிறது. விடக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன், முழுக்கப் படியுங்கள்.

மோட்டார் மேல் அச்சடித்திருக்கும் எழுத்து அதன் மொத்தக் கணத்தாக்கைக் குறிக்கிறது. அதாவது எவ்வளவு விசை, எவ்வளவு நேரம் என்ற இரண்டையும் பெருக்கி வரும் கணக்கு. அலகு நியூட்டன்-விநாடி. 'ஏ' மோட்டாரின் உச்சவரம்பு 2.5. 'பி' என்றால் 5, 'சி' என்றால் 10. ஒவ்வோர் எழுத்துக்கும் வரம்பு இரட்டிக்கிறது. 'டி' 20, 'ஈ' 40, 'எஃப்' 80, 'ஜி' 160. 'டி' வரைக்கும் சிறுசக்தி. ஈ, எஃப், ஜி மூன்றும் நடுத்தர சக்தி. 'எச்' தொடங்கி உயர்சக்தி. பொழுதுபோக்குக்காரர்களின் எல்லையான 'ஓ' மோட்டாரில் அது 40,960-ல் போய் நிற்கிறது. 'சி'க்கும் 'ஜி'க்கும் நடுவே மூன்றே எழுத்துகள்தான். ஆனால் உச்சவரம்பு பதினாறு மடங்கு. கடையின் பக்கத்தில் இரண்டு படங்களும் பக்கம் பக்கமாக இருக்கும். இந்தப் பதினாறு அங்கே கண்ணில் படாது.

என் பயமெல்லாம் ஈ, எஃப், ஜி என்ற அந்த நடுத்தர சக்தி எழுத்துகளைப் பற்றித்தான். 'எச்' மோட்டார் வேண்டுமென்றால் சான்றிதழ் இல்லாமல் விற்க மாட்டார்கள். வாங்கினாலும் பலவற்றை விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ.விடம் வான்வெளி அனுமதி இல்லாமல் ஏவ முடியாது. அந்த அனுமதியைப் பெரும்பாலும் கிளப்புகள்தான் வாங்கி வைத்திருக்கின்றன. ஆகவே உயர்சக்திக்குப் போகிறவர் எப்படியும் அனுபவசாலிகள் நடுவில் போய் நின்றுதான் ஆக வேண்டும். நாலு பேர் அவருடைய ராக்கெட்டைத் தூக்கிப் பார்ப்பார்கள், ஆட்டிப் பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள். ஈ, எஃப், பெரும்பாலான ஜி மோட்டார்களுக்கு இந்தக் காவல் எதுவும் இல்லை. வாங்குபவர் வயது வந்தவர் என்றால் போதும், பெட்டி வீட்டுக்கு வந்துவிடும். கேட்பாரில்லாத அந்த இடத்தில்தான் புதியவர்கள் தனியாக, பூங்காவில் கற்ற பழக்கத்தோடு, பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இந்த விளையாட்டுக்கு விதிகள் வந்த கதையைத் தெரிந்துகொண்டால் அவற்றின் மேல் மரியாதை வரும். 1957 அக்டோபர் 4-ல் சோவியத் ஒன்றியத்தின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் மேலே போனதும் அமெரிக்கப் பையன்களுக்கு ராக்கெட் பித்து பிடித்தது. வீட்டின் கீழ்த்தளத்திலும் கார் ஷெட்டிலும் இரும்புக் குழாயில் மருந்தை அடைத்தார்கள். விரல் போனது, கண் போனது, உயிரும் போனது. நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்தில் பாதுகாப்புப் பணியில் இருந்த ஜி. ஹாரி ஸ்டைன் ஸ்புட்னிக்குக்கு முன்பே இந்த ஆபத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். அவர் எழுதியதைப் படித்தார் ஆர்வில் கார்லைல் என்ற நெப்ராஸ்கா மாநிலத்துச் செருப்புக் கடைக்காரர். அவரும் அவருடைய சகோதரரும் 1954-லேயே அட்டைக் குழாய், பாராசூட், ஒரு தடவை எரிந்து முடியும் மோட்டார் என்று ஒரு சின்ன ராக்கெட்டை உருவாக்கியிருந்தார்கள். அதை ஸ்டைனுக்கு அனுப்பி வைத்தார். மாடல் ராக்கெட் பிறந்தது அப்படித்தான். அதே 1957-ல் தேசிய ராக்கெட் சங்கமான என்.ஏ.ஆர். தொடங்கியது. அடுத்த ஆண்டு வெர்ன் எஸ்டிஸ் மோட்டார் தயாரிக்க ஒரு இயந்திரத்தையே செய்தார், அதற்கு மேபல் என்று பெயர். மருந்து கலப்பது தொழிற்சாலையின் வேலை, நம் கையில் அட்டையும் மரமும் பிளாஸ்டிக்கும் மட்டும். பற்றவைப்பது மின்சாரத்தால், தள்ளி நின்று. இந்த மூன்றும் மற்றவர்கள் சிந்திய ரத்தத்தில் எழுதப்பட்டவை. இதில் ஒன்றைக்கூட நம் சௌகரியத்துக்காகத் தளர்த்த நமக்கு உரிமை இல்லை.

இனி, ராக்கெட் மேலே போகும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். நம்மில் பலருக்கு மனதில் இருப்பது தீபாவளி ராக்கெட்டின் படம். பாட்டிலில் நிற்க வைத்தோம், திரி கொளுத்தினோம், எங்கோ போனது, குச்சி எங்கோ விழுந்தது. அந்தப் படத்தை முதலில் அழித்துவிடுங்கள். மாடல் ராக்கெட்டை நேராக வைத்திருப்பது ஃபின்களின் மேல் ஓடும் காற்று. அந்தக் காற்று ஓட வேண்டுமானால் ராக்கெட் தன்னை நிமிர்த்திப் பிடித்திருக்கும் ஏவுகம்பியைப் போதிய வேகத்தில் தாண்ட வேண்டும். விநாடிக்கு ஏறத்தாழ 15 மீட்டராவது வேண்டும் என்பது அனுபவக்காரர்கள் சொல்லும் கணக்கு. அதற்குக் குறைந்தால் கம்பியைத் தாண்டிய கணமே அது காற்று வரும் திசைக்கு முகத்தைத் திருப்பும். வானத்தைப் பார்த்துப் புறப்பட்டது காரையோ கூட்டத்தையோ பார்க்கத் தொடங்கும்.

இங்கேதான் எழுத்தை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். எழுத்துக்கு அடுத்து வரும் எண்தான் சராசரி உந்துவிசை, நியூட்டனில். 'எஃப்15' என்று இருந்தால் சராசரியாக 15 நியூட்டன். ராக்கெட்டின் எடையைப்போல் ஐந்து மடங்காவது விசை இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. 300 கிராம் ராக்கெட்டின் எடை சுமார் 3 நியூட்டன். அதற்கு 'எஃப்15' போதும். அதே மோட்டாரை 800 கிராம் ராக்கெட்டில் பொருத்தினால்? ஐந்து மடங்கு வேண்டிய இடத்தில் இரண்டு மடங்குகூட இல்லை. 'எஃப் என்றால் பெரிசு' என்று நம்பி ஏற்றிய ராக்கெட் ஏவுகம்பியில் மெதுவாக ஊர்ந்து, நுனியில் தள்ளாடி, படுத்துக்கொண்டு பாயும். எரிபொருள் இன்னும் தீரவில்லை என்பதை நினைவில் வையுங்கள். தரைக்கு இணையாக, ஆள் உயரத்தில், முழு விசையோடு வரும் ராக்கெட்டிலிருந்து ஒதுங்க யாருக்கும் நேரம் கிடைக்காது.

மூன்றாவதாக ஒரு எண் இருக்கிறது. கோடு போட்டு எழுதியிருப்பார்கள்: 'எஃப்15-6'. எரிபொருள் தீர்ந்து ஆறு விநாடி கழித்துப் பாராசூட்டைத் தள்ளும் மருந்து வெடிக்கும் என்று பொருள். அந்த இடத்தில் 0 என்றிருந்தால் அது பல அடுக்கு ராக்கெட்டின் கீழடுக்குக்கானது. பாராசூட்டைத் தள்ளும் மருந்து அதில் கிடையாது. 'பி' என்ற எழுத்து இருந்தால் மேல்முனை அடைக்கப்பட்டது, அதிலும் கிடையாது. கடையில் மற்றது தீர்ந்துவிட்டது, இது மட்டும்தான் இருந்தது என்று 0-வை வாங்கி வந்து ஒற்றை அடுக்கில் செருகுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ராக்கெட் எந்தத் தடையும் இல்லாமல், மூக்கு கீழாக, போன வழியிலேயே திரும்பி வரும்.

இன்னொன்று, இதைப் புதியவர்கள் யாரும் எதிர்பார்ப்பதில்லை. நேற்று வரை அழகாகப் பறந்த ராக்கெட்டில் பெரிய மோட்டாரைப் பொருத்துகிறீர்கள். மோட்டார் இருப்பது வாலில். வால் கனத்ததும் ராக்கெட்டின் எடை மையம் பின்னால் நகர்கிறது. காற்று ஒட்டுமொத்தமாக அழுத்தும் புள்ளி ஒன்று இருக்கிறது, அழுத்த மையம். அது பின்னாலும், எடை மையம் அதற்கு முன்னால் குறைந்தது உடலின் விட்டத்தளவு தள்ளியும் இருந்தால்தான் ராக்கெட் நேராகப் போகும். கனத்த மோட்டார் அந்த இடைவெளியைத் தின்றுவிடும். உடல் அதே, ஃபின் அதே, ஒட்டிய கை அதே. ஆனால் வானில் குட்டிக்கரணம் போடும். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. கணக்குப் போட வேண்டும். நாசாவில் வேலை பார்த்த ஜேம்ஸ் பாரோமன் 1960-களிலேயே இதற்கு எளிய சமன்பாடுகளை வகுத்துத் தந்துவிட்டார். ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருள் அதே வழியில் நிமிடத்தில் விடை சொல்லும். உங்கள் ராக்கெட்டின் அளவுகளையும், தராசில் வைத்துப் பார்த்த உண்மையான எடையையும் அதில் போடுங்கள். பெயிண்ட், எபாக்சி எல்லாம் சேர்ந்த எடை பெட்டியில் அச்சடித்த எடையாக இருக்காது. அந்த மென்பொருளைத் திறந்து பார்க்காமல் 'ஜி' மோட்டாரைச் செருகுபவரை நான் ஏவுதளத்துப் பக்கமே விடமாட்டேன்.

சரி, நேராகவே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். நிம்மதிப் பெருமூச்சு விடாதீர்கள். மேலே போவதைவிடக் கீழே வருவதுதான் ஆட்களை அடிக்கிறது.

2016 மே மாதம், கலிபோர்னியாவின் ஹுருப்பா வேலியில் சாரணர் சிறுவர்கள் பங்கேற்ற ஒரு ராக்கெட் ஏவலில், திரும்பி விழுந்த ராக்கெட் தாக்கி ஒருவர் இறந்துபோனார். போர்க்களம் அல்ல, பிள்ளைகள் வந்திருந்த விடுமுறை நிகழ்ச்சி. 1.2 கிலோ ராக்கெட் பாராசூட் விரியாமல் விநாடிக்கு 80 மீட்டர் வேகத்தில் தலைகீழாக வந்தால் அதன் இயக்க ஆற்றல் 3,800 ஜூல் அளவைத் தாண்டும். ஏகே-47 துப்பாக்கியின் குண்டு குழலைவிட்டு வெளியேறும்போது அதற்கு இருப்பது 2,000 ஜூல் அளவு. அட்டையால் செய்தது, லேசானது, என்ன செய்துவிடும் என்ற பேச்சு இனி வேண்டாம்.

பாராசூட் விரியாமல் போக ஆயிரம் காரணம் வேண்டியதில்லை. மருந்து வெடிக்கும் சூட்டில் துணி உருகி ஒட்டிக்கொள்ளும். அதனால் நடுத்தர சக்தியில் தீப்பிடிக்காத நோமெக்ஸ் துணியைச் சுற்றி வைக்கிறார்கள். கூம்பு முனை குழாயில் இறுகிவிடும். ஈரப்பதம் மாறினால் நேற்று தளர்ந்திருந்த அட்டை இன்று இறுக்கிப் பிடிக்கும். சின்ன ராக்கெட்டில் கூம்பை உடலோடு பிணைக்க வந்த ரப்பர் பட்டையையே பெரிய ராக்கெட்டிலும் கட்டினால், கூம்பு அதை அறுத்துக்கொண்டு போகும். தாமதக் கணக்கு தப்பினால் இன்னும் மோசம். ராக்கெட் உச்சியில் ஏறக்குறைய நிற்கும் நேரத்தில் பாராசூட் வர வேண்டும். நாலைந்து விநாடி முந்தினாலோ பிந்தினாலோ அது பாயும் வேகத்தில் துணி விரிந்து, கயிறு அட்டைக் குழாயை நீளவாட்டில் கிழித்துக்கொண்டு இறங்கும். அந்தக் கிழிசலுக்கு ராக்கெட்காரர்கள் வைத்த பெயர் ஜிப்பர்.

எல்லாம் சரியாக நடந்தாலும் ஸ்கூல் கிரவுண்டு ஏன் கூடாது? 400 மீட்டர் உயரத்தில் பாராசூட் விரிந்து, விநாடிக்கு 5 மீட்டர் வீதம் நிதானமாக இறங்கினால் தரைக்கு வர 80 விநாடி ஆகும். காற்று மணிக்கு 18 கிலோமீட்டர், அதாவது இலை அசையும் சாதாரணக் காற்று, விநாடிக்கு 5 மீட்டர். இறங்கி முடிப்பதற்குள் ராக்கெட் 400 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். கால்பந்து மைதானத்தின் நீளம் 100 மீட்டர் சொச்சம். மிச்சம் 300 மீட்டரில் என்ன இருக்கிறது? சாலை, மின்கம்பி, யாரோ ஒருவரின் கூரை, அடுத்த தெருவில் சைக்கிள் ஓட்டும் குழந்தை. என்.ஏ.ஆர். பாதுகாப்பு விதிப்படி ஈ, எஃப், ஜி மோட்டார்களுக்கு இடத்தின் குறுகிய பக்கமே 1,000 அடி இருக்க வேண்டும். காற்று மணிக்கு 20 மைலைத் தாண்டினால் ஏவவே கூடாது. மின்கம்பியில் மாட்டிக்கொண்டால் அந்த ராக்கெட்டை மறந்துவிடுங்கள். குச்சி எடுத்துத் தட்டப் போய் மின்சாரத்தில் உயிரை விடாதீர்கள். அழுகிற பிள்ளைக்கு இன்னொன்று வாங்கித் தரலாம்.

கிளப் ஏவுதளத்தில் எனக்குப் பிடித்த ஒரு பழக்கம் உண்டு. ராக்கெட் தப்புத் திசையில் திரும்பினாலோ பாராசூட் வராவிட்டாலோ ஒலிபெருக்கியில் 'ஹெட்ஸ் அப்!' என்று ஒரு குரல் வரும். உடனே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் முதல் எல்லாரும் எழுந்து நின்று, ராக்கெட்டைக் கண்டுபிடித்து, அதை நோக்கி விரலை நீட்டுவார்கள். கண்டவர் காணாதவருக்குக் காட்டுகிறார். வருவது தெரிந்தால் இரண்டடி நகரலாம். தனியாக ஏவும் அப்பாவும் மகளும் என்ன செய்வார்கள்? இருவரும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். இறங்கி வரும் ராக்கெட்டைக் கையால் பிடிக்க ஓடும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். ஒருபோதும் பிடிக்க விடாதீர்கள், பாராசூட் விரிந்திருந்தாலும்.

மோட்டார் விஷயத்துக்கு வருவோம். சிறிய மோட்டார்களில் இருப்பது கறுப்பு வெடிமருந்து. நடுத்தர சக்தியிலிருந்து பெரும்பாலும் கூட்டு எரிபொருள்: அமோனியம் பெர்குளோரேட், உலோகத் தூள், எல்லாவற்றையும் பிணைக்கும் செயற்கை ரப்பர். நம் பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்டத்தில் எரிவதும் இதே குடும்பத்து எரிபொருள்தான். கறுப்பு மருந்து மோட்டாரைக் காரின் டிக்கியில் டெக்சாஸ் வெயிலில் நாள் முழுக்க விட்டு, இரவு குளிரில் ஆறவைத்து, மறுபடி வெயிலில் விட்டால், சுருங்கி விரிந்து மருந்துக்கட்டி உறையை விட்டுப் பிரியும், வெடிப்பும் விடும். அடுத்த தடவை பற்றவைக்கும்போது தீ அந்த இடுக்குக்குள் ஓடி ஒட்டுமொத்தமாக வெடிக்கும். இதற்குக் 'கேட்டோ' என்று பெயர். வெயிலில் கிடந்த மோட்டார், கீழே விழுந்த மோட்டார், பழைய பொருள் விற்பனையில் சல்லிசாகக் கிடைத்த மோட்டார் மூன்றையும் தொடாதீர்கள்.

மறுபடி நிரப்பும் அலுமினிய உறைகளில் வேறு கவலை. எண்ணெய்ப் பசை, ஓ-ரிங், உள்ளுறை, தாமதக் கட்டி எல்லாவற்றையும் நம் கையால் அடுக்க வேண்டும். ஓ-ரிங் ஒன்று விடுபட்டால் தீ தப்பான முனையில் வெளியே வரும். தயாரிப்பாளர் தந்த தாளை எதிரில் விரித்து, ஒவ்வொரு படியையும் வாய்விட்டுப் படித்தபடி, முதல் சில தடவை அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கச் செய்யுங்கள். அரட்டை அடித்துக்கொண்டு செய்யும் வேலை அல்ல இது.

பற்றவைக்கும் கம்பியை வீட்டிலேயே மோட்டாருக்குள் செருகி எடுத்து வருவது பெரும் பிழை. ஏவுகம்பியில் ராக்கெட் நிமிர்ந்து நின்ற பிறகுதான் அது உள்ளே போக வேண்டும். ஏவும் மின்கருவியின் சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும், கருவியில் அல்ல. 'டி' வரைக்கும் 15 அடி தள்ளி நின்றால் போதும். அதற்கு மேல் 30 அடி. 'எச்', 'ஐ', 'ஜே'க்கு 100 அடி. 'எம்' என்றால் 500 அடி. பொத்தானை அழுத்தியும் புகையே வரவில்லையா? மின் இணைப்பைத் துண்டியுங்கள். முழுதாக 60 விநாடி யாரும் கிட்டே போகக் கூடாது. அந்த 60 விநாடியில் பிள்ளைகள் பொறுமை இழப்பார்கள், 'நான் போய்ப் பார்க்கட்டுமா' என்பார்கள். தோளைப் பிடித்து நிறுத்தி வையுங்கள்.

புல் காய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தீப்பொறி பறக்கும் மோட்டார்கள் பார்க்க அழகாக இருக்கும், கலிபோர்னியாவின் கோடையில் அவை ஒரு மலைச்சரிவையே கொளுத்திவிடும். உள்ளூர்த் தீயணைப்புத் துறை தீத்தடை அறிவித்திருந்தால் அன்றைக்கு ராக்கெட் இல்லை, அவ்வளவுதான்.

சட்டத்திலும் ஒரு பொறி இருக்கிறது. எழுத்து 'ஜி' என்பதாலேயே எல்லா 'ஜி'யும் நடுத்தர சக்தி ஆகிவிடாது. சராசரி விசை 80 நியூட்டனைத் தாண்டினாலோ, எரிபொருள் 125 கிராமுக்கு மேல் இருந்தாலோ, தீப்பொறி வகையாக இருந்தாலோ அது உயர்சக்தியாகக் கணக்காகும். எழுத்து எதுவானாலும், புறப்படும்போது மொத்த எடை 1,500 கிராமைத் தாண்டும் ராக்கெட்டும் எஃப்.ஏ.ஏ. விதிப்படி முன் அனுமதி இல்லாமல் பறக்க முடியாத வகுப்புக்குப் போய்விடும். மேகத்துக்குள் ஏவக் கூடாது. வானத்தில் விமானம் வருகிறதா என்று பார்ப்பதும் உங்கள் பொறுப்பு. கூட்டு எரிபொருளை வெடிபொருள் பட்டியலில் வைத்திருந்ததை எதிர்த்து ராக்கெட் சங்கங்கள் 2000-ல் வழக்குப் போட்டன. 2009-ல் வாஷிங்டன் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அன்றிலிருந்து அதற்கு மத்திய அரசின் வெடிபொருள் உரிமம் தேவையில்லை. பொழுதுபோக்குக்காரர்கள் தங்களைத் தாங்களே கட்டுப்படுத்திக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்தச் சுதந்திரம் நிற்கிறது. பள்ளி மைதானத்தில் தனியாக ஒருவர் செய்யும் அசட்டுத்தனம் அத்தனை பேர் சம்பாதித்த நம்பிக்கையையும் கெடுக்கும்.

அப்படியானால் எப்படித்தான் தொடங்குவது? கையில் எதுவும் இல்லாமல் தொடங்குங்கள். என்.ஏ.ஆர்., ட்ரிப்போலி என்று இரண்டு சங்கங்கள், நாடு முழுக்கக் கிளைகள். விஸ்கான்சினின் பாங் திடலிலும், கலிபோர்னியாவின் லூசெர்ன் வறண்ட ஏரியிலும், நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்திலும் ஆட்கள் கூடி ஏவுகிறார்கள். உங்கள் ஊருக்குச் சில மணி நேரக் கார் தூரத்தில் இன்னொரு சின்னக் கிளப் இருக்கக்கூடும். ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு போய் நில்லுங்கள். எதுவும் ஏவாதீர்கள், பாருங்கள். எது தப்பாகப் போகிறது என்று முக்கியமாகப் பாருங்கள். நரைத்த தலைகளிடம் போய்க் கேளுங்கள், நாலு மணி நேரம் பேசுவார்கள். உறுப்பினரானால் விபத்துப் பொறுப்புக் காப்பீடும் சேர்ந்து வருகிறது, உறுப்பினர் அல்லாதவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

'எச்', 'ஐ' மோட்டாருக்கு முதல் நிலைச் சான்று. சொந்தக் கையால் கட்டிய ராக்கெட், சான்றளிப்பவர் கண்முன் ஏறி, பாராசூட்டில் சேதமில்லாமல் இறங்க வேண்டும். 'ஜே'யிலிருந்து 'எல்' வரை இரண்டாம் நிலை, எழுத்துத் தேர்வும் உண்டு. 'எம்', 'என்', 'ஓ'வுக்கு மூன்றாம் நிலை, வடிவமைப்பை ஏட்டில் எழுதி மூத்தவர்களிடம் ஒப்புதல் வாங்கிய பிறகுதான் கட்டவே தொடங்கலாம். வயது 18 ஆக வேண்டும். அதற்குக் கீழுள்ளவர்களுக்கு என்.ஏ.ஆர். 14 வயதிலிருந்து இளையோர் சான்று தருகிறது, ட்ரிப்போலி மூத்தவரின் வழிகாட்டலில் பறக்க அனுமதிக்கிறது. அவசரப்பட்டு உயரம் தேடாதீர்கள். முதல் சான்றுக்குப் பெருத்த உடலும் சின்ன 'எச்'சும் வைத்துத் தாழப் பறக்கவிட்டால், எல்லாம் கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே நடக்கும்.

போட்டிதான் வேண்டும் என்று பிள்ளை கேட்டால் அமெரிக்கன் ராக்கெட்ரி சேலஞ்ச் இருக்கிறது. 2003-ல் தொடங்கியது, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை. பச்சை முட்டையை ஏற்றி, சொன்ன உயரத்துக்கு அனுப்பி, சொன்ன நேரத்தில் உடையாமல் இறக்க வேண்டும். நாட்டின் தலைசிறந்த மாணவ அணிகள் மோதும் அந்தப் போட்டியிலேயே மோட்டார் 80 நியூட்டன்-விநாடியைத் தாண்டக் கூடாது. 'எஃப்' வரைதான். 'ஜி' இல்லாமல் பிள்ளையின் திறமை வீணாகிவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்குத் தனியாக ஓர் அபாய அறிவிப்பு. அங்கே அமெரிக்காவைப்போல் கடையில் மோட்டார் வாங்கி வார இறுதியில் ஏவும் ஏற்பாடு இல்லை. அதனால் மாணவர்கள் வெடியுப்பையும் சர்க்கரையையும் அடுப்பில் வைத்துச் செய்யும் 'சர்க்கரை ராக்கெட்' வீடியோக்களைப் பார்த்து வீட்டுச் சமையலறையில் இறங்குகிறார்கள். 1957-ல் அமெரிக்கப் பையன்கள் விரலை இழந்தது இதே வழியில்தான். மருந்து கலக்கும் அறையில் ஒரு உராய்வு என்ன செய்யும் என்பதை சிவகாசிச் செய்திகளைப் படித்து வளர்ந்த நமக்கு வேறு யாரும் சொல்லத் தேவையில்லை. 1884-ம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் 2008-ம் ஆண்டின் விதிகளும் உரிமம் இல்லாமல் இதைச் செய்வதையும் வைத்திருப்பதையும் குற்றமாக்குகின்றன. 'ப்ராஜெக்ட் சார்' என்ற பதில் காவல் நிலையத்தில் எடுபடாது. ஆசிரியர்களே, அறிவியல் கண்காட்சிக்கு இந்த யோசனையோடு வரும் மாணவரை அன்றைக்கே தடுத்து, தண்ணீரும் காற்றழுத்தமும் கொண்ட பாட்டில் ராக்கெட் பக்கம் திருப்புங்கள். நிலைத்தன்மை, அழுத்த மையம், பாராசூட் எல்லாவற்றையும் அதிலேயே கற்கலாம்.

கடைசியாக, கோடை விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும் அமெரிக்கத் தமிழர்களுக்கு. 'அண்ணன் பையன் ராக்கெட் கேட்டான், ரெண்டு மோட்டாரும் சேர்த்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்' என்று யாரும் சொல்லாதீர்கள். மாடல் ராக்கெட் மோட்டாரைக் கைப்பையிலும் கொண்டு போகக் கூடாது, சரக்காகப் போடும் பெட்டியிலும் கொண்டு போகக் கூடாது. 'ஏ' மோட்டாரும் கூடாது, பற்றவைக்கும் கம்பியும் கூடாது. முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும் விமானத்தின் வயிற்றில் அது போகக் கூடாது என்பதற்கு விதி தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அங்கே தப்பினாலும் சென்னை சுங்கத்தில் உரிமம் இல்லாத வெடிபொருளோடு நிற்பீர்கள். அட்டைக் குழாய், கூம்பு, ஃபின் உள்ள கிட் மட்டும் எடுத்துப் போங்கள். பெட்டிக்குள் மோட்டார் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள், ஸ்டார்ட்டர் செட் என்றால் சிலவற்றில் சேர்ந்தே வரும். எடுத்து வீட்டில் வையுங்கள், சூடு படாத இடத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில், பூட்டி.